புதன்கிழமை வயிற்றுவலியும் ஒரு வெள்ளைச் சட்டையும்

மருத்துவர் என்ற முறையில் எனக்குத் திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பெரும்பாலான நாள்கள் ஒன்றரை ஷிப்ட் என்பதால் வீடு சேர இரவு ஒன்பது மணி ஆகிவிடும். கணவருக்கு வெளியூரில் வேலை. ஆறு வயது மகன் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். நான்கு மணிக்கு அவன் வீடு திரும்பியதும் பாட்டி பார்த்துக்கொள்கிறார். புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம். ஓவிய வகுப்பும் அதே புதன்கிழமைதான். வெள்ளையில் ஒரே ஒரு செட் வாங்கத்தான் வசதி இருந்தது. வாராவாரம் சட்டையின் இடது கை ஓரத்திலும், வயிற்றுப் பக்கத்திலும், கால்சட்டையின் இரு பக்கங்களிலும் வண்ணக் கறை. பாட்டி பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்ததில் சட்டை மஞ்சள் பாய்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தும் கறை போகவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் ஒருநாள், கறைச் சட்டைக்காகப் பையனைப் பிரேயர் வரிசையிலிருந்து பிரித்து, இடைவேளை வரை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார்கள். அன்று இரவு இவரும் அவனை அடித்துவிட்டார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து புதன்கிழமை காலையானால் வயிற்றுவலி. தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்கிறான். லீவு போட்டுவிட்டால் பத்து மணிக்கெல்லாம் விளையாடுகிறான். காலாண்டு விடுமுறையில் வந்த புதன்கிழமையில் வலியே இல்லை. பூச்சி மாத்திரை இரண்டு முறை கொடுத்தாயிற்று.

அவர் கேட்பது மூன்று. வலிக்கு என்ன மருந்து கொடுக்கலாம்? பெயின்ட் அலர்ஜி என்று ஒரு டாக்டர் சர்டிஃபிகேட் கிடைத்தால் ஓவிய வகுப்பிலிருந்து விலக்கு வாங்கிவிடலாமா? இடது கைப் பழக்கத்தை இப்போதே மாற்றினால் கறை குறையும் என்று மாமியார் சொல்கிறாரே, அது சரியா?

அன்புள்ள சகோதரிக்கு,

வயிற்றுவலியிலிருந்தே தொடங்குகிறேன். "நடிக்கிறானோ என்று சில சமயம் தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் நடிக்கவில்லை. பயம் வந்தால் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது, பரீட்சைக்கு முன் கழிவறைக்கு ஓடுகிறோம். மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புத் தொடர்பு அவ்வளவு நெருக்கம். "எனக்கு வெட்கமாக இருக்கிறது, திரும்பவும் நிற்கவைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது" என்று சொல்லத் தெரியாத வயதில் வயிறு அதைச் சொல்கிறது. அவனுக்கு வலிப்பது உண்மை. ஆனால் அந்த வலி குடலில் ஏதோ நோய் இருப்பதால் வருவதாகத் தெரியவில்லை. பள்ளி நாளில் மட்டும் வருவது, விடுமுறையில் வராதது, தொப்புளைச் சுற்றி இருப்பது, நன்றாகச் சாப்பிட்டு எடை குறையாமல் இருப்பது என்று நீங்கள் எழுதிய எல்லாமே அந்தப் பக்கம்தான் காட்டுகின்றன.

அப்படியிருந்தாலும் ஒருமுறை நேரில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பள்ளிக் கழிவறைக்குப் போகாமல் மலத்தை அடக்குகிற பழக்கம் இருந்தாலும் இந்த வயதில் வயிறு வலிக்கும். அதையும் கேட்டுப் பாருங்கள். தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, வலது அடிவயிற்றில் வலி, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல், எடை குறைவது, இவற்றில் எது வந்தாலும் புதன்கிழமையா வியாழக்கிழமையா என்று பார்க்காமல் உடனே கிளம்புங்கள். பூச்சி மாத்திரையை மட்டும் இனி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அதைப் பள்ளியிலேயே ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். இந்த வலிக்கு அது மருந்தும் இல்லை.

சர்டிஃபிகேட் ஏன் வேண்டாம்

நான் தரமாட்டேன். வேறு யாரும் தந்தாலும் வாங்காதீர்கள். இல்லாத நோயை எழுதுவது மருத்துவர் செய்யக்கூடாத காரியம் என்பது ஒரு பக்கம். என் கவலை பையனைப் பற்றியது. வண்ணம் பட்ட இடத்தில் அரிப்பு, தடிப்பு, கொப்புளம் என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. எனவே அது அலர்ஜி இல்லை. சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? மற்ற பிள்ளைகள் வண்ணத்தில் கைவிட்டுக்கொண்டிருக்கும்போது இவன் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். "எனக்கு ஏதோ கோளாறு" என்று நம்பத் தொடங்குவான். போன தடவை வெளியே நிற்கவைத்தது பள்ளி. இந்தத் தடவை நாமே எழுதிக் கொடுத்து நிற்கவைத்தது போல ஆகிவிடும்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. போன வருடம் யூ.கே.ஜி.யில் அவன் வரைந்த யானையைப் பீரோக் கதவில் ஒட்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனுக்கு ஓவிய வகுப்பு பிடிக்கும். அவன் பயப்படுவது சட்டைக்காக. சட்டையை நாம் பார்த்துக்கொள்வோம்.

கறை எங்கே படுகிறது, ஏன் படுகிறது

"கவனமே இல்லாத பிள்ளை" என்கிறீர்கள். நீங்கள் சொன்ன மூன்று இடங்களையும் தனித்தனியாகப் பார்த்தேன். ஒன்றில்கூட அவனுடைய கவனக்குறைவு தெரியவில்லை.

முதலில் இடது கை ஓரம். அவன் இடது கைக்காரன். பத்தில் ஒருவருக்கு இயல்பாகவே இப்படித்தான். வலது கைப் பிள்ளை தாளின் இடப்புறத்திலிருந்து ஆரம்பித்து வலப்பக்கம் போகும்போது அவன் கை எப்போதும் வெற்றுத் தாளின் மேலேயே இருக்கும். இடது கைப் பிள்ளையும் அதே போல இடமிருந்து வலமாகப் போனால், இப்போதுதான் பூசிய ஈர வண்ணத்தின் மேலேயே கையை இழுத்துக்கொண்டு போவான். "முழங்கை வரை பூசிக்கொண்டு வருகிறான்" என்று பாட்டி திட்டுவது இதைத்தான். இதற்காகக் கையை மாற்ற வேண்டியதில்லை, மாற்றவும் கூடாது. இயல்பான கையைத் தடுத்தால் எழுத்து தடுமாறும், அவனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வரும். தாளை லேசாக வலப்பக்கம் சாய்த்து வைத்தால் போதும். வண்ணமும் தண்ணீரும் அவனுக்கு இடப்புறம் இருக்கட்டும். படத்தை வலது ஓரத்திலிருந்து பூச ஆரம்பிக்கச் சொல்லிக் கொடுங்கள். வரிசையின் இடது ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்காது.

இரண்டாவது, வயிற்றுப் பக்கம். தரையில் உட்கார்ந்துதான் வரைகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தரையில் தாளை வைத்துக் குனியும்போது தொளதொள சட்டையின் முன்பக்கம் தொங்கி ஈரத் தாளைத் தொடுகிறது. இவ்வளவுதான் விஷயம். சட்டையை உள்ளே சொருகிவிட்டு, தாளைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு மடியில் வைத்துக்கொண்டாலே இதில் பெரும்பகுதி போய்விடும்.

மூன்றாவது, கால்சட்டையின் பக்கங்கள். அது கை துடைத்த கறை. கைக்கு எட்டும் தூரத்தில் ஈரத்துணி இல்லாத பிள்ளை வேறு எங்கே துடைக்கும்? உங்கள் ஊரில் இதற்குத் தீர்வு கிலோக் கணக்கில் கிடைக்கிறது. மெக்கானிக் கடைக்காரர்கள் கை துடைக்க வாங்குகிறார்களே, அதே பனியன் வேஸ்ட். பருத்திப் பனியன் துணி ஈரத்தை அப்படியே உறிஞ்சும். கை அகலத்துக்கு ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து சின்ன டப்பாவில் போட்டு அனுப்புங்கள்.

மேலங்கி தைப்பது

அப்பாவின் பழைய சட்டையைப் பின்பக்கம் முன்னால் வருமாறு போட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் மெல்லிய பருத்தி தண்ணீர் வண்ணத்தை உறிஞ்சி உள்ளே இருக்கும் வெள்ளைக்கு அனுப்பிவிடும். முழு பிளாஸ்டிக் ஏப்ரன் நம் வெயிலுக்கு வேர்த்துக் கொட்டும், பிள்ளை பத்தே நிமிடத்தில் கழற்றிவிடும். நான் பார்த்தவற்றில் நன்றாக உழைப்பது பழைய குடைத் துணி. லேசானது, நீர் இறங்காது, அலசினால் சீக்கிரம் காயும். கம்பி ஒடிந்த பெரிய குடைகள் இரண்டு இருந்தால் முன்பக்கத்துக்கும் கைகளுக்கும் துணி தேறும். முதுகுக்குப் பனியன் துணி வைத்தால் காற்று போகும்.

தைப்பதில் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைக்கு எது தோதாக இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். நீளம் முழங்காலுக்குக் கீழே வரட்டும், அப்போதுதான் சம்மணம் போட்டு உட்காரும்போது மடி மூடும். கை முழுநீளம். மணிக்கட்டில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்ந்த எலாஸ்டிக். பை வைக்காதீர்கள், வண்ணத் தண்ணீர் அதில்தான் தேங்கும். கழுத்தில் நாடா வேண்டவே வேண்டாம். ஓடும்போது எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். இழுத்தால் தானாகப் பிரிகிற வெல்க்ரோ வையுங்கள்.

தைத்ததும் நேராகப் பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மாட்டிவிட்டு, வாசலில் செய்தித்தாள் விரித்து, அவன் இஷ்டத்துக்கு வரையட்டும். வண்ணத்தைச் சோடா மூடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள். தண்ணீருக்கு அடி கனமான டம்ளர், அதுவும் பாதி மட்டும். முடிந்ததும் செய்ய வேண்டிய வரிசையைச் சொல்லிக் கொடுங்கள்: முதலில் படத்தைத் தள்ளி வைப்பது, பிறகு கை துடைப்பது, கடைசியில் மேலங்கியை உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றுவது. வரையும்போது படாத கறை கழற்றும்போது படுவது உண்டு. கை துடைக்காமல் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோவதால் வருவது அது.

கறை பட்டுவிட்டால்

எவ்வளவு செய்தாலும் சில நாள் படத்தான் செய்யும். உங்கள் வீட்டில் கறை போகாததற்கு முக்கியமான காரணம் நேரம் என்று நினைக்கிறேன். பகலில் பட்ட வண்ணத்தை நீங்கள் பார்ப்பது இரவு ஒன்பது மணிக்கு. அதற்குள் காய்ந்துவிடுகிறது. பையன் வந்தவுடன் சட்டையைக் கழற்றி, கறையின் பின்பக்கமாகப் பச்சைத் தண்ணீர் ஓடும்படி குழாயடியில் பிடித்து, வாளியில் போட்டு வைக்க மட்டும் பாட்டியிடம் கேளுங்கள். தேய்க்க வேண்டாம், பவுடர் வேண்டாம், சுடுதண்ணீர் வேண்டாம். இரவு வந்து நீங்கள் சோப்புப் போட்டுக்கொள்ளலாம். பிளீச்சிங் பவுடர் போட்டதும் பேரன் மேல் இருக்கிற அக்கறையில்தான், அதனால் குறை சொல்லாமல் இதைக் கேளுங்கள்.

எந்த வண்ணம் என்பதை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டப்பாவில் "நான் டாக்ஸிக்" என்று போட்டிருந்ததால் துவைத்தால் போய்விடும் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தை விஷத்தன்மை பற்றியது, கறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சாதாரண வாட்டர் கலரும் போஸ்டர் கலரும் தண்ணீரில் கரையும் பசையில் கலந்தவை, சீக்கிரம் அலசினால் பெரும்பாலும் போய்விடும். அக்ரிலிக்கும் ஃபேப்ரிக் பெயின்டும் அப்படியல்ல. ஈரமாக இருக்கும்வரைதான் தண்ணீருக்குக் கட்டுப்படும், காய்ந்தால் பிளாஸ்டிக் படலம் மாதிரி இழையைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் இஸ்திரி போட்டால் இன்னும் இறுகும். காய்ந்த அக்ரிலிக்கை சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மெல்லச் சுரண்டினால் ஓரளவு வரும். ஆயில் பேஸ்டலுக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட். மெழுகு கிரேயானைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டிவிட்டு, மேலும் கீழும் பழுப்புத் தாள் வைத்து லேசான சூட்டில் இஸ்திரி போட்டால் தாள் மெழுகை இழுத்துக்கொள்ளும், அப்புறம் சோப்பு. மஞ்சள் கரைத்து வரையச் சொன்னால் பயப்பட வேண்டாம். சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறுவது காரத்தால் வருவது. அலசி நல்ல வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும்.

மருத்துவராக நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. மண்ணெண்ணெய் வேண்டாம். தோல் புண்ணாகும் என்பதைவிடப் பெரிய ஆபத்து, பிள்ளை அதைத் தண்ணீர் என்று நினைத்து ஒரு மடக்குக் குடித்துவிடுவது. அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. அப்படி எங்காவது நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். அடுத்தது பிளீச்சிங் பவுடர். பாலியஸ்டர் கலந்த வெள்ளையை அது மஞ்சளாக்கும், பருத்தியை நைந்துபோகச் செய்யும். வினிகரோ கழிவறை கழுவும் ஆசிட்டோ அதோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்னக் குளியலறையில் அது பாட்டிக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்கும் பேரனுக்கும் ஆபத்து.

பள்ளியில் எப்படிக் கேட்பது

"யூனிஃபார்ம் விஷயத்தில் அவர்கள் சொல்வதுதானே சட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சீருடை எது என்று முடிவு செய்வது பள்ளியின் உரிமைதான். ஆனால் சட்டையில் கறை என்பதற்காகப் பிள்ளையை எல்லார் முன்னாலும் பிரித்து வெளியே நிறுத்துவது அந்த உரிமைக்குள் வராது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், குழந்தைக்கு உடல் தண்டனையோ மனத் துன்புறுத்தலோ கூடாது என்று சொல்கிறது. அந்தச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரை உள்ளவர்களைக் குறிக்கிறது, உங்கள் மகன் அதில் வருகிறான். சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு, மற்ற தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். அதுவும் இது அவர்களே நடத்திய வகுப்பில், அவர்களே கொடுத்த வண்ணத்தால் பட்ட கறை.

ஆனாலும் சட்டத்தைச் சொல்லிக்கொண்டு முதல் பேச்சை ஆரம்பிக்காதீர்கள். முப்பது நாற்பது பிள்ளைகளையும் வண்ணத்தையும் ஒரே ஆளாகச் சமாளிக்கிற மிஸ்ஸுக்கும் இது தலைவலிதான். அரை நாள் பர்மிஷன் போட்டாவது நேரில் போய்ப் பாருங்கள், டைரியில் எழுதி அனுப்புவது போதாது. மூன்றே மூன்று கேளுங்கள். ஓவிய வகுப்பை வெள்ளை உடை இல்லாத நாளுக்கு மாற்ற முடியுமா, முடியாவிட்டால் புதன்கிழமையிலேயே கடைசிப் பீரியடுக்கு மாற்ற முடியுமா? மேலங்கி மாட்டவும் கழற்றவும் ஐந்து நிமிடம் கிடைக்குமா? சட்டையில் குறை இருந்தால் பிள்ளையிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வார்களா? இதில் முதலாவது நடந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கால அட்டவணை போட்டவர்கள் வெள்ளையையும் வண்ணத்தையும் ஒரே நாளில் வைத்ததை யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள். வகுப்பில் இன்னும் எத்தனையோ அம்மாக்கள் இதே கறையைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள், நான்கு பேராகச் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

ஒரே செட்டை வைத்துச் சமாளிக்க முடியவில்லையே என்று கூச்சப்பட்டு எழுதியிருந்தீர்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. தமிழக அரசு, சத்துணவு சாப்பிடுகிற எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடை இலவசமாகத் தருகிறது. ஒரு வருடத்துக்கு எத்தனை தேவைப்படும் என்பதற்கு அதுவே ஒரு கணக்கு. மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன வெள்ளைச் செட் கிடைக்குமா என்றும் அதே நாளில் கேட்டு வையுங்கள்.

பேசிய பிறகும் மறுபடி வெளியே நிறுத்தினால் தலைமை ஆசிரியரிடம் தேதி போட்டு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மேலே போக வேண்டி வந்தால் மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் குழந்தைகளுக்கான 1098-ம் இருக்கின்றன. அந்த அளவுக்குப் போகாது என்றே நம்புகிறேன்.

அந்த ஒரு அடி

கடிதத்தின் கடைசியில், பேனாவை அழுத்தி, நீங்கள் எழுதியிருந்தது இது. பன்னிரண்டு மணி நேரம் தைத்துவிட்டு வந்து, மறுபடி ஒரு சட்டைக்கு எண்ணூறு ரூபாய் எங்கே போவது என்ற தவிப்பில் விழுந்த அடி. அது எனக்குப் புரிகிறது. ஆனால் பையன் அன்று காலையில் பள்ளியில் தலைகுனிந்துவிட்டு வந்தவன். இரவு வீட்டிலும் அதுவே நடந்ததில், எந்தப் பக்கமும் போக வழியில்லாமல் ஆகிவிட்டது. அவனிடம் நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "கண்ணு, அன்னைக்குச் சட்டைக்காக அம்மா அடிச்சுட்டேன். அது அம்மா பண்ணுன தப்பு. வரையும்போது கறை படும். துவைச்சுக்கலாம்." பிள்ளையிடம் தப்பை ஒப்புக்கொண்டால் பயம் விட்டுப்போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தப் பயம் விட்டுப்போகத்தான் வேண்டும்.

இனி புதன்கிழமை வலி என்றால், "எங்கே வலிக்குது" என்று ஒருமுறை கேட்டு, வயிற்றைத் தடவிக் கொடுத்து, வெதுவெதுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். லீவு போட்டு வீட்டில் வைத்துக்கொண்டால் அந்த நேரத்துக்கு வலி போகும், அடுத்த வாரம் இன்னும் கெட்டியாகத் திரும்பி வரும். இரவு வந்ததும் சட்டையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் என்ன வரைந்தான் என்று கேளுங்கள்.

மேலங்கியும் பள்ளிப் பேச்சும் ஆன பிறகு நான்கு புதன்கிழமை பொறுத்துப் பாருங்கள். வலி குறையவே இல்லை என்றாலோ, மற்ற நாள்களுக்கும் பரவினாலோ, இரவில் படுக்கையில் சிறுநீர் போகத் தொடங்கினாலோ எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது பள்ளியில் வேறு ஏதாவது நடக்கிறதா என்றும், ஒரு குழந்தை மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டுமா என்றும் சேர்ந்து யோசிக்கலாம்.